வாங்காத காசுக்குக் கையெழுத்து

அனார்குல் அக்காவுக்கு எதையும் எண்ணாமல் கடந்து போகத் தெரியாது. வேலி ஓரம் நடந்தால் கம்பங்களை எண்ணுவார். விருந்துக்குப் போனால் தட்டுகளை எண்ணுவார். ஒரு சாவு வீட்டில் விம்மி விம்மி அழுதுகொண்டே கூடாரத்தின் கழிகளை அவர் எண்ணியதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் ஆலாபுலுன் ஊராட்சிக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் கணக்கர். நான் அதே அலுவலகத்தில் நிலப்பதிவு பார்க்கிறவன், பெயர் ஆஸ்கத். எங்கள் இருவர் மேசைக்கும் நடுவில் ஒரு நிலக்கரி அடுப்பு இருக்கிறது. பன்னிரண்டு குளிர்காலம் அந்த அடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரைப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: மாவட்டத்திலேயே ஒரு சோம் காசுகூடப் பிசகாத கணக்கு அவருடையது. அந்தக் கணக்குதான் அவரைக் கடைசி இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

தரவரிசை என்று ஒன்றை மாவட்டத்தில் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. பதினோரு ஊராட்சி, ஆறு கட்டம். நன்றாகச் செய்தவனுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு. மாவட்டப் பத்திரிகையில் போடுவார்கள், வாட்சப்பில் அனுப்புவார்கள், அதற்கும் மேலாகச் சந்தை வாசலில் வேன்கள் நிற்கிற இடத்தில் பெரிதாக ஒட்டுவார்கள். பட்ஜெட் என்றால் என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிற ஆட்கள்கூட உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எந்த ஊர் ஏறியது, எந்த ஊர் இறங்கியது என்று மல்யுத்தப் போட்டி மாதிரி விவாதம் செய்வார்கள். எனக்கு அந்தத் தாளைக் கண்டாலே எரிச்சல் வரும். ஆனாலும் வேனுக்குக் காத்திருக்கும்போது முதலில் அதைத்தான் படிப்பேன்.

பிப்ரவரியில் வந்த வருடாந்தரப் பட்டியலில் ஆலாபுலுன் பதினோராவது. எங்களைக் கவிழ்த்தது நான்காவது கட்டம். ‘பொதுப் பணிகளுக்குத் தலைக்கு ஆன செலவு’ என்று அதன் மேல் எழுதியிருந்தது. எங்கள் ஊருக்கு நேராக, சிவப்பில், பூஜ்யம்.

அந்த வருடம் நாங்கள் என்னவெல்லாம் செய்தோம் என்று கேளுங்கள். ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம் போட்டோம். நான்கு கிலோமீட்டர் வாய்க்காலைத் தூர் வாரினோம். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கூரை வேய்ந்தோம். இடுகாட்டுக்கு வேலி போட்டோம். எல்லாமே ஆஷார். ஊரே கூடி இறங்கிச் செய்கிற வேலைக்கு நாங்கள் சொல்கிற பெயர் அது. ஒருவன் மரம் கொண்டு வருவான், ஒருவன் டிராக்டர், ஒருவன் ஆடு அறுப்பான், மீதிப் பேர் மண்வெட்டியோடு வருவார்கள். மதியம் சோர்போ என்ற கறிச்சாறு குடித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். கூலி என்ற பேச்சே இருக்காது. கூலி இல்லை என்றால் செலவு இல்லை, செலவு இல்லை என்றால் அனார்குல் அக்காவின் பேரேட்டில் ஒரு வரியும் ஏறாது. நடக்காத செலவை எழுத அவருக்குக் கை வராது.

பட்டியல் வந்த வாரம் மாவட்டத்தில் கூட்டம். எங்கள் ஊராட்சித் தலைவர் கெனெஷ்பெக்குக்கு அன்று காலையில் சரியாகப் பல்வலி வந்துவிட்டது. அக்காவையும் துணைக்கு என்னையும் அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார். மேடையில் இருந்த மாவட்டத் துணைத் தலைவர் கடைசி இடத்துக்காரர்கள் எழுந்து நிற்கட்டும் என்றார். அக்கா எழுந்தார். தனியாக நிற்கிறாரே என்று நானும் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

“ஒரு வருஷம் முழுக்க ஊருக்காக ஒரு சோம் செலவு பண்ணலையே, தூங்கிட்டு இருந்தீங்களா?” என்றார் துணைத் தலைவர்.

“பாலம் கட்டினோம்ங்க.”

“எந்தப் பாலம்? கணக்குல இல்லையே.”

“காசு செலவாகலைங்க, அதான் எழுதலை.”

“காசு செலவாகலைன்னா பாலமும் இல்லை.”

கூட்டமே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இடி. ஜூலையில் அரையாண்டுப் பட்டியல் வரும், அதிலும் இதே இடம் என்றால் வேறு கணக்கர் பார்த்துக்கொள்வார் என்றார். அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம். வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகன் கிடைத்த வேலையைச் செய்கிறான், கிடைக்காத நாளில் சும்மா இருக்கிறான். அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருகிற ஒரே பணம் அக்காவின் சம்பளம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பேரேட்டை வேறொருவர் தொடுவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அதே கூட்டத்தில் முதல் வரிசையில் பாராட்டுப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். உல்கான் என்று பெயர். ஆற்றில் எங்களுக்கு மேலே இருக்கும் கராதோபே ஊராட்சியின் கணக்கர். அதாவது முதல் இடம். அவருடைய மகளைத்தான் அக்காவின் மகனுக்குக் கட்டியிருக்கிறது. சம்பந்திகள் இருவரும் ஒரே தொழில், இரண்டு பேரும் வாயாடிகள், இரண்டு பேருக்கும் தன் கணக்குதான் கணக்கு. கல்யாணத்தில் சீர் எண்ணும்போதே ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள்.

கராதோபே எப்படி முதல் இடம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களும் போன வருடம் ஒரு பாலம் கட்டினார்கள், ஒப்பந்தக்காரரை வைத்து. வசந்த வெள்ளத்தில் ஒரே மாதத்தில் அது போய்விட்டது. மறுபடியும் கட்டினார்கள். இரண்டு செலவும் கணக்கில் ஏறியது. நான்காவது கட்டம் பச்சையாகப் பூத்துக் குலுங்கியது. இலையுதிர்காலத்து மழையில் இரண்டாவது பாலமும் போய்விட்டது என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது.

கூட்டம் முடிந்து வேனுக்கு நின்றபோது உல்கான் அம்மாள் பக்கத்தில் வந்தார்.

“மனசைத் தளர விடாதீங்க சம்பந்தி. கீழ இருந்து படிச்சா நீங்கதானே ஃபர்ஸ்டு.”

“உங்க பாலம் எங்க ஊர் வழியாத்தான் மிதந்து போச்சு சம்பந்தி,” என்றார் அக்கா. “ரெண்டு பலகை பிடிச்சு வச்சிருக்கேன். ரசீது குடுத்துட்டு வாங்கிக்குங்க.”

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு அக்கா ஊர் வரும்வரை பேசவில்லை. தந்திக் கம்பங்களையும் எண்ணவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். மூன்று நாள் படித்தார். மூன்றாம் நாள் மதியம் அடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பன்னிரண்டாம் பிரிவில் அவருக்குக் கதவு திறந்திருந்தது. மக்கள் உழைப்பாகவும் பொருளாகவும் கொடுத்ததை விலை மதித்து வரவிலும் செலவிலும் எழுதிக்கொள்ளலாம் என்று அங்கே இருந்தது. தலைவரிடம் காட்டினோம். அவர் பல்வலி நீங்கி, அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே என்று எங்களைக் கடிந்துகொண்டார்.

மார்ச்சில் பனி உருகி எங்கள் பாலத்தின் பலகைகள் சில பெயர்ந்தன. என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேர் இரண்டு நாள் இறங்கிச் சரிசெய்தோம். திங்கட்கிழமை அக்காவும் நானும் வீடு வீடாகக் கிளம்பினோம். ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு சோம் என்று அக்கா மதித்திருந்தார். சந்தையில் மூட்டை தூக்குகிறவனுக்குக் கொடுக்கிற விலை அது. அதைக் கேட்டதும் ஒவ்வொருவனும் தன்னைப் பற்றிப் புதிதாக யோசிக்க ஆரம்பித்தான். இசாபெக் தான் கொண்டுவந்த ஐந்து மரத்தைச் சேர்க்க வேண்டும் என்றான், நியாயம்தான், சேர்த்தோம். ஒருவன் தன் ஆப்பு மற்றவன் ஆப்பைவிட ஆழமாக இறங்கியது என்றான். தாய்லாக் என்று ஒருத்தன், இரண்டு நாளும் கல்லில் உட்கார்ந்து கதை சொன்னதைத் தவிர ஒரு ஆணியைத் தொடவில்லை. அவனை விட்டுவிடலாம் என்று நான் சொன்னதற்கு மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் இல்லாவிட்டால் அந்தக் குளிரில் யார் நின்றிருப்பார்கள் என்றார்கள். அக்கா நெடுநேரம் யோசித்து அரை நாள் போட்டார்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இங்கேதான் தப்பு நடந்தது. அக்கா எடுத்துக்கொண்டு போன தாள், மேசை இழுப்பறையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் சம்பளப் பட்டுவாடாப் படிவம். பெயர், தொகை, கையெழுத்து என்று அழகாக மூன்று பத்தி போட்டிருக்கும். வேறு தாளில் கோடு போடுவானேன் என்று நினைத்தார். எங்கள் ஊரில் பள்ளி ஆசிரியர் முதல் மாடு மேய்க்கிறவன்வரை அந்தத் தாளில் தொகைக்கு நேராகக் கையெழுத்துப் போட்டால் ஒரே ஒரு அர்த்தம்தான். காசைக் கையில் வாங்கிவிட்டான் என்று அர்த்தம்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தரவரிசையின் ஆறாவது கட்டம் வெளிப்படைத்தன்மை. கணக்கை ஊர்ப் பலகையில் ஒட்டினால் அதற்குத் தனி மதிப்பெண். கிடைக்கிற மதிப்பெண்ணை விடுவானேன் என்று அக்கா அந்தப் பட்டியலைக் கடைக்கு எதிரே இருக்கும் பலகையில் நான்கு ஆணி அடித்து ஒட்டினார்.

கடைக்குப் போகிறவர்கள் பெண்கள்.

அன்று மத்தியானம் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மேசை மேல் ரொட்டி இல்லை, டீ இல்லை. என் மனைவி எதிரே உட்கார்ந்து, ஆயிரத்து அறுநூறு சோம் எங்கே என்று கேட்டாள். எந்த ஆயிரத்து அறுநூறு என்றேன். போனில் எடுத்து வந்த படத்தைக் காட்டினாள். என் பெயர், தொகை, என் வளைந்த கையெழுத்து. அது வாங்கின காசு இல்லை, வாங்காத காசு என்று நான் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே சந்தேகம் வந்தது. என் பாடாவது தேவலை. இசாபெக்கின் பெயருக்கு நேரே மரத்தோடு சேர்த்து ஐயாயிரத்து அறுநூறு. அவன் மனைவி சோனுன் ஆள் பார்க்க ஒல்லி, ஆனால் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவன் மூன்று நாள் மாட்டுக் கொட்டகையில் சாப்பிட்டான். இன்னொரு வகை ஆட்களும் இருந்தார்கள். அவர்கள், கையெழுத்துப் போட்டோமே, காசு எப்போது என்று அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் தாய்லாக்.

பத்து நாள் கழித்து மாவட்டத்திலிருந்து அந்தப் பட்டியல் திரும்பி வந்தது. இது கூலிப் பட்டியல், இந்த முப்பத்தொரு பேருக்கும் வருமான வரி எங்கே, சமூக நிதிப் பிடித்தம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். அக்கா பன்னிரண்டாம் பிரிவை மறுபடி எடுத்துப் படித்தார். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பக்கத்தில் இன்னொரு வாக்கியம் இருந்தது. வேலை கூலியில்லாமல் நடந்தது என்பதற்கு நேரில் பார்த்தவர்களின் எழுத்துச் சாட்சி வேண்டும் என்று. இருபத்தாறு வருடத்தில் அக்கா ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விட்டது அதுதான் முதல் தடவை. பட்டியலை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் எழுதினார். நான்காவது கட்டம் மறுபடியும் பூஜ்யம்.

இனி ஜூலைக்குள் இருக்கிற பெரிய வேலை வாய்க்கால் ஒன்றுதான். ஏப்ரல் பாதிக்குள் தூர் வாரித் தண்ணீர் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு இல்லை. தலைவர் ஊர் வாட்சப் குழுவில் சனிக்கிழமை ஆஷார் என்று போட்டார். வழக்கமாகக் கட்டைவிரல் படங்கள் வந்து குவியும். அன்று ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் இசாபெக்கிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: ‘நாளுக்கு எவ்வளவு?’

அவன் ஒருவேளை கேலியாகத்தான் கேட்டிருப்பான். ஆனால் அக்கா போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“ஆஸ்கத், இந்த ஊர்ல இதுவரைக்கும் இப்படி யாரும் கேட்டதில்லைப்பா. நான்தான் கேக்க வச்சுட்டேன்.”

வேலை போகும் என்பதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. அடுப்பில் கரி போட்டேன்.

சனிக்கிழமை காலை வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் அக்கா, நான், தலைவர், அக்காவின் மகனும் மருமகளும், இன்னும் ஆறு பேர். நான்கு கிலோமீட்டருக்குப் பதினோரு மண்வெட்டி. தலைவர் தாடையைத் தடவ ஆரம்பித்தார். பல்வலி வரும் நேரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கீழே ஊர்ப் பாதையில் ஆட்கள் தெரிந்தார்கள். முன்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் சந்தைக்கு ஓட்டிவரும் ஆடுகள் மாதிரி ஆண்கள். விஷயம் இதுதான். இசாபெக்கின் அந்த ஒரு வரியைப் பெண்கள் எல்லோரும் படித்திருந்தார்கள். நாளுக்கு எவ்வளவு என்று இவன் கேட்கிறான் என்றால் எவ்வளவோ ஒன்று கொடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். இந்தத் தடவை காசு கைமாறுகிற இடத்திலேயே நின்று பிடித்துவிடுவது என்று முடிவு செய்து, புருஷன்மார்களை எழுப்பி, மண்வெட்டியைக் கையில் கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். சோனுன் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள்.

“எங்க வச்சுக் குடுக்கறீங்க அக்கா? இங்கயா, ஆபீஸ்லயா?”

அக்கா தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கண்ணாடிக் கூடு, பேனா, நோட்டு, அரை ரொட்டி விழுந்தன.

“காசு இல்லைம்மா. என்னிக்கும் இருந்ததில்லை. போன மாசம் நான் எழுதினது விலை. கூலி இல்லை. நம்ம ஊர் செய்யறது எவ்வளவு பெறும்னு மேல இருக்கறவங்களுக்குக் காட்டணும்னு எழுதினேன். கடைசியில நின்னா எனக்கு வேலை போயிரும், அந்தப் பயத்துல எழுதினேன். எடுத்த தாள் தப்பு. தப்பு என்னோடது, உங்க வீட்டுக்காரங்க மேல இல்லை.”

வீட்டில் மாட்டிக்கொண்ட புருஷன்மார்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

“நம்ப மாட்டோம்,” என்றாள் சோனுன். ஆனால் குரல் ஆற்றைத் தாண்டவில்லை. “சாயந்திரம் வரைக்கும் இங்கயே நின்னு பாப்போம்.”

“நில்லுங்க. நிக்கற கையில ஒரு மண்வெட்டியும் இருக்கட்டும்.”

அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நின்று வேடிக்கை பார்க்கத் தெரியாது. கால் மணி நேரம் நின்றார்கள். பிறகு ஒருத்தி தன் புருஷன் வெட்டுகிற லட்சணம் பொறுக்காமல் அவன் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். மதியத்துக்குள் டிராக்டர் இரண்டு வந்தது, ஆடு மூன்று வந்தது. அக்கா வெட்டிக்கொண்டே தலைகளை எண்ணினார். இருநூற்று முப்பத்தெட்டு. எந்த ஆஷாருக்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை.

பதினோரு மணி வாக்கில் உல்கான் அம்மாள் வந்து சேர்ந்தார், ஒரு பை நிறையப் போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு. மகளைப் பார்க்க வந்தேன் என்றார். சண்டை பார்க்க வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், செய்தி ஆற்றுக்கு மேலே போயிருந்தது. ஆனால் மூன்று மாதக் கர்ப்பிணியான மகள் சேற்றில் நின்று வெட்டுவதைப் பார்த்ததும் அவருக்குச் சண்டை மறந்துவிட்டது. நீ போய் அடுப்பைப் பார் என்று மகளை விரட்டிவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு அக்காவுக்குப் பக்கத்தில் இறங்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒருவரைவிட ஒருவர் வேகமாக வெட்டினார்கள். அந்த இடத்தில் மட்டும் வாய்க்கால் ஒரு அடி ஆழம் அதிகம், இன்றைக்கும் போனால் பார்க்கலாம்.

மூன்று நாள் வேலை ஐந்து மணிக்கு முடிந்தது. தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் ஓடி வரும்போது எவ்வளவு வயதானாலும் கூடவே ஓடத்தான் தோன்றும். நானும் ஓடினேன்.

ஓடிவிட்டுத் திரும்பினால் அக்கா வெறும் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட ஒரு ஆண் வரவில்லை. கேட்டவுடனே பத்தடி தள்ளிப் போனார்கள். போன தடவை போட்ட கையெழுத்துக்கே இன்னும் வீட்டில் சூடாக டீ கிடைக்கவில்லை என்றான் இசாபெக். அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. வாய்க்கால் ஓடுது, அது போதும் என்று என்னிடம் சொன்னார். போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சோனுன் சேறு படிந்த கையோடு வந்து எதிரே குந்தினாள்.

“அக்கா, ஒரு தாள் எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. அடுத்த மாசம் மறுபடியும் பலகையில பேரும் காசுமா ஏதாவது ஒட்டினீங்கன்னா, காட்டறதுக்கு எங்க கையில ஒரு எழுத்து வேணும்.”

அக்கா சொன்னபடி எழுதினார். ‘கீழே கையெழுத்திட்ட நாங்கள், இன்று காலை முதல் மாலை வரை வாய்க்காலில் நின்று கண்ணால் பார்த்தோம். எங்கள் வீட்டுக்காரர்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு யாரும் ஒரு சோம்கூடக் கொடுக்கவில்லை. அவர்களும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.’ பெண்கள் வரிசையாக வந்தார்கள். நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து. என் மனைவி போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக.

உல்கான் அம்மாள் தாளை வாங்கி ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விதிப் புத்தகம் மனப்பாடம், பக்கம் திருப்பி வரும் வாக்கியம் உட்பட. பேசாமல் தாளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போதும். சோனுன் அதை மடித்து எடுத்துக்கொண்டு போயிருப்பாள், அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

“சம்பந்தி, இதைக் கோப்புல வைங்க,” என்றார். “பன்னிரண்டாம் பிரிவு கேக்கற சாட்சி இதுதான். இதைவிட நல்ல சாட்சி நம்ம மாவட்டத்துல எந்த ஊர்லயும் கிடைக்காது.”

அக்கா அவரையே பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பினூடே கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைத்த இடத்தில் சேறு.

“ஒரு பேர் விட்டுப்போச்சே,” என்றார் உல்கான் அம்மாள். “காலையில இருந்து நீங்க வெட்டினதை யார் பார்த்தது? உங்களுக்குக் கையெழுத்துப் போட வீட்டுல யாரு இருக்கா?” பதிலுக்குக் காத்திராமல் பேனாவை வாங்கி அடியில் எழுதினார்: ‘என் சம்பந்தி அனார்குல் நாள் முழுக்க வேலை செய்தார். ஒன்றும் வாங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உல்கான், கராதோபே.’

ஜூலையில் பட்டியல் வந்தது. ஆள், டிராக்டர், ஆடு எல்லாம் மதித்துப் போட்டதில் எங்கள் நான்காவது கட்டம் தலைக்கு இருநூற்று ஐம்பத்து மூன்று சோம். இடம் ஏழு, நிறம் மஞ்சள். அன்றைக்குப் பிடித்த மாதிரி மஞ்சள் எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. கூட்டத்துக்குத் தலைவர் பல்வலி இல்லாமல் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். துணைத் தலைவர் எங்கள் கோப்பைப் பிரித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தத் தாளை அவைக்கே படித்துக் காட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். பிறகு, கராதோபே உல்கான் என்பது யார் என்று கேட்டார். தெரியாமலா கேட்டார்.

உல்கான் அம்மாள் எழுந்து நின்றார். அவருடைய ஊர் அந்தத் தடவை இரண்டாவது இடம்.

“நான்தாங்க. பார்த்தேன், எழுதினேன்.”

அப்போது அக்காவும் எழுந்து நின்றார், யாரும் கேட்காமலே. இந்தத் தடவை நானும் முழுசாக எழுந்து நின்றேன்.

திரும்பும் வேனில் சம்பந்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் இருந்தேன். பாதி வழி போனதும் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“அந்த ரெண்டு பலகை இருக்கே சம்பந்தி. சனிக்கிழமை நாங்களே கொண்டாறோம். ஊர்ல ஒரு அறுபது பேர் வருவாங்க. உங்க பாலத்தைப் போட்டுருவோம். ரசீது வேண்டாம்.”

உல்கான் அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமலே, ஆனால் அந்த அறுபது பேருடைய உழைப்பு கராதோபே கணக்கில்தான் வரும், பாலம் எங்கள் ஊரில் அல்லவா நிற்கப்போகிறது என்றார். ஆள் யாருடையதோ அவர்கள் கணக்கில்தான் வரும் என்றார் அக்கா. நான் இறங்குகிற இடம் வந்து இறங்கும்போதும் அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது.